நாலு மணிப் பெரட்டு

மொதல்லயே சொல்லிடுறேன், பேய் பிசாசுன்னு எனக்கு எதுலயும் நம்பிக்க கெடையாது. அன்னைக்கும் கெடையாது, இன்னைக்கும் கெடையாது. தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன கூலி வீட்டுல, பொறந்து வளந்தவ நான், அந்த மரத்துல முனி இருக்கு, இந்தப் பாலத்துல மோகினி நிக்கிதுன்னு ஆளாளுக்குக் கத வுடுவாங்க, நான் அந்தப் பாலத்துலயே ஒக்காந்து கால ஆட்டிக்கிட்டு பேரிக்கா தின்னவ. பேய விட மனுசன் பண்றதுதான் எனக்குப் பயம். நீங்க மூஞ்சிய அப்படி வெச்சுக்கிட்டு கேக்குறதப் பாத்தாலே தெரியுது, நம்பப் போறதில்லன்னு. பரவால்ல, நம்பாட்டி தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள குடிங்க, நான் சொல்றதச் சொல்லிடுறேன். வயிறு எரியுது, அதுக்காகத்தான் சொல்றேன், ஒங்களப் பயமுறுத்த இல்ல.

நான் வேல செய்யுறது ஒரு ஹோட்டல்ல. பொகவந்தலாவைக்குப் போற ரோட்டுல எறங்கி மேல ஏறணும். தோட்டத்துப் பேரு வேணாம், ஹோட்டல் பேரும் வேணாம். அது முந்தி தேயில ஃபெக்டரி, நாங்க இஸ்டோருன்னுதான் சொல்லுவோம். ரொம்ப நாளா மூடிக் கெடந்துச்சு. கொழும்புல இருந்து ஆளுங்க வந்து கண்ணாடி மாட்டி, பலகத்தளம் போட்டு, கொழுந்து வாட்டுன மாடியெல்லாம் ரூமாக்கிட்டாங்க. எங்க சனம் ராத்திரி பகலா நின்னு வேல செஞ்ச எடத்துல இப்ப வெள்ளக்காரங்க சுடுதண்ணியில குளிக்கிறாங்க. நான் அங்க கைடு, பேரு யோகம். வர்றவங்கள சுத்திக் கூட்டிட்டுப் போயி கத சொல்லணும், இங்கிலிசுலயும் சொல்லணும், சிங்களத்துலயும் சொல்லணும், தமிழ் ஆளுங்க வந்தா தமிழ்லயும் சொல்லணும்.

என்ன கத தெரியுமா? ஹோட்டல்காரங்க எழுதிக் குடுத்தது. இந்த மலையில மொதல்ல கோப்பிதான் போட்டாங்க, கோப்பிக்கு நோய் வந்து அழிஞ்சுது, அப்புறம்தான் தேயில. இந்த மெசினு கப்பல்ல வந்துச்சு, கொழும்புல இருந்து மாட்டு வண்டியில மல ஏத்துனாங்க. தொர ஒருத்தரு குதிரையில போவாரு, அவருக்கு ஒரு நாயி இருந்துச்சு, அது செத்ததும் பங்களாவுக்குப் பின்னால பொதச்சு கல்லு வெச்சாரு. அந்தக் கல்லு இன்னும் இருக்கு, நாய் பேரு வெட்டியிருக்கு, கூட்டிட்டுப் போயி காட்டுவேன், எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. அந்த மலையிலயே எத்தன ஆயிரம் சனத்தப் பொதச்சிருக்கு, ஒண்ணுக்காச்சும் கல்லு இருக்கான்னு பாருங்க. மேல தேயிலயப் போட்டுட்டாங்க. கடைசியா ஒரு பேய்க் கத வேற இருக்கு, தொரையோட பொஞ்சாதி வெள்ள கவுனோட மாடியில நடக்குறாளாம். சுத்தப் பொய்யி. மெனேஜரு கட்டுனது, என் கண்ணு முன்னாலதான் கட்டுனாரு.

எங்க ஆளுங்களுக்கு அதுல ஒரே ஒரு வரி, தென்னிந்தியாவுல இருந்து தொழிலாளிங்க வந்தாங்கன்னு. வந்தாங்களாம், என்னமோ பஸ்ஸுல டிக்கட் எடுத்து வந்த மாதிரி. மன்னார்ல எறங்கி காட்டு வழியா மாத்தள வரைக்கும் நடந்தே வந்தாங்க, வாந்திபேதி வந்து விழுந்தவங்கள அங்கங்கயே வுட்டுட்டு நடந்தாங்க, புள்ளத்தாச்சிங்களும் நடந்தாங்கன்னு நான் ஒரு நாள் ஜெர்மன் கோஷ்டிக்குச் சொன்னேன். ஒரு பொம்பள அழுதுட்டா. மெனேஜரு என்னயக் கூப்பிட்டு, கெஸ்ட் லீவுக்கு வந்திருக்காங்க யோகம், அவங்கள அழ வைக்கிறதுக்கா ஒங்களுக்குச் சம்பளம்னு கேட்டாரு. அவரும் தமிழ் ஆளுதான். வேற யாராச்சும் சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது.

எங்க அம்மாவப் பத்திச் சொல்லாம இது வெளங்காது. பேரு மருதாயி. வயசுக்கு வந்ததுல இருந்து கொழுந்துதான் எடுத்துச்சு. பென்சன் ஆகி வீட்டுல இருந்தவள தோட்டத்துல ஆளு பத்தலன்னு கைக்காசுக்குக் கூப்பிட்டாங்க, அதாவது அன்னன்னைக்கு எடுத்த கொழுந்துக்கு அன்னன்னைக்குக் காசு. போகாதம்மான்னு நான் சண்ட போட்டேன். கூப்பிட்டா போகாம இருக்க முடியுமான்னுச்சு. கூப்பிட்டா போகணும், அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச நியாயம். போன எடத்துல தேயிலக்குள்ள குளவிக் கூடு. கூட இருந்தவளுங்க எளசுங்க, ஓடிட்டாளுங்க, இது ஓட முடியாம விழுந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வண்டி இல்ல, கொழுந்து ஏத்துற லொறியிலதான் ஏத்துனாங்க, கொழுந்து மூட்டைக்கு மேல படுக்க வெச்சு. டிக்கோயா தாண்டுறதுக்குள்ள உசுரு போயிருச்சு. பெட்டியில வெத்தல பாக்கு வெச்சோம், யாரோ அது கொழுந்து எடுத்த கூடையையும் வெக்கக் கொண்டாந்தாங்க, நான் புடுங்கி வீசிட்டேன். போற எடத்துலயாச்சும் வெறும் முதுகோட போகட்டும்னு சொன்னேன். அப்ப என் மனசுல இருந்தது அது ஒண்ணுதான், இனிமேலாச்சும் இவளுக்கு ஓய்வு.

அதுக்கப்புறம் ஒரு வருசம் ஆகியிருக்கும். மெனேஜருக்கு ஒரு யோசன வந்துச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு கெஸ்ட்டுங்க வராந்தாவுல ஒக்காந்து கேக்கு தின்னுக்கிட்டு தேத்தண்ணி குடிப்பாங்க, அந்த நேரத்துல பழைய காலத்துப் பெரட்டு மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டணும்னாரு. பெரட்டுன்னா ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ, விடியக்காலையில தப்பு அடிப்பாங்க, சனமெல்லாம் எந்திரிச்சு ஓடி வந்து களத்துல வரிசையா நிக்கணும், கணக்கப்புள்ள வந்து நீ இந்த மலைக்குப் போ, நீ அந்த மலைக்குப் போன்னு வேல பிரிச்சுக் குடுப்பாரு. தொர முன்னால செருப்புப் போட்டு நிக்கக்கூடாது, மழ பேஞ்சாலும் கொட விரிக்கக்கூடாது. அந்தக் களம்தான் இப்ப ஹோட்டலுக்கு முன்னால இருக்குற புல்லு. தப்பெல்லாம் நின்னு எத்தனையோ காலமாச்சு.

பெரட்டு அடி தெரிஞ்ச ஆளு இப்ப யாருமில்ல, எங்க தாய்மாமன் ஒருத்தரத் தவிர. செல்லையான்னு பேரு, அம்மாவோட தம்பி. அவங்க அப்பாதான் இந்தத் தோட்டத்துக்குத் தப்பு அடிச்சவரு. மாமா சாவு வீட்டுக்கும் காமன் கூத்துக்கும் அடிப்பாரு. சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, பெரட்டுக்கு ஒரு அடி, எல்லாம் வேற வேற. தப்புக்காரன்னு மத்தவங்க தள்ளி வெச்சே பாத்த மனுசன். மெனேஜரு கை குடுத்து, நீங்க ஒரு கலைஞருன்னு சொன்னதும் கண்ணு கலங்கிப் போச்சு அவருக்கு. அத நெனச்சாலும் எனக்கு ஆத்திரமாத்தான் வருது, ஒரு கை குடுத்தா போதும் எங்க ஆளுங்களுக்கு.

ஆனா மாமா ஒண்ணு கேட்டாரு. "பெரட்டக் கலைக்கிறது யாரு?"ன்னாரு. நான் மெனேஜருக்கு வெளக்கிச் சொன்னேன். தப்பு அடிச்சு சனத்தக் கூட்டிட்டா, ஒண்ணு வேல சொல்லணும், இல்லாட்டி இன்னைக்கு வேல இல்ல போங்கன்னு சொல்லணும், ரெண்டுல ஒண்ணு சொல்லாம வுடக்கூடாது. மாமாவோட அப்பா காலத்துல ஒரு தடவ அப்படி ஆகியிருக்கு. தப்பு அடிச்சாச்சு, கணக்கப்புள்ள வீட்டுல என்னமோ தகராறு, மனுசன் வரவே இல்ல. மழ கொட்டுது. சனம் அசையல. கைப்புள்ளக்காரிங்க புள்ளயக் கம்பளிக்குள்ள வெச்சுக்கிட்டு நின்னாளுங்களாம், மத்தியானம் சங்கு ஊதுற வரைக்கும். போன்னு சொல்லாமப் போனா அபராதம், லயத்துக் கதவப் பூட்டிடுவாங்க, அந்தப் பயம். நம்புனா நம்புங்க, எந்தப் பொத்தகத்துலயும் இது இருக்காது, ஆனா எங்க லயத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

மெனேஜரு எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்தப் பேச்செல்லாம் வேணாம், கெஸ்ட்டுக்குத் தமிழ் புரியாது, இழுவையா இருக்கும், தப்பு மட்டும் போதும்னாரு. கணக்கப்புள்ள வேசத்துக்குன்னு வெச்சிருந்த வேட்டியையும் கோட்டையும் திருப்பி அனுப்பிட்டாரு. நாங்க சொன்னோம், கேக்கல. மாமாவுக்கு மட்டும் செவப்புத் தலப்பா ஒண்ணு கட்டி வுட்டாரு. எங்க தாத்தா காலத்துல யாரும் அப்படித் தலப்பா கட்டுனதே இல்ல.

அன்னைக்கு சனிக்கெழம. வராந்தா நெறைய ஆளு. லயத்துல இருந்து நாலு பொம்பளப் புள்ளைங்களக் கூட்டிட்டு வந்து கூடையும் கம்பளியும் மாட்டி, போட்டோவுக்கு நிக்க வெக்கிறதா ஏற்பாடு. மாமா ஓலைய எரிச்சு தப்பக் காய்ச்சிக்கிட்டு இருந்தாரு. பள்ளத்துல இருந்து பனிமூட்டம் ஏறி வந்துச்சு, அது எங்க ஊருல தெனம் வர்றதுதான், அதுல ஒண்ணும் இல்ல. மாமா அடிக்க ஆரம்பிச்சாரு. எனக்கு வயசு நாப்பத்தி சொச்சம், அந்த அடிய அதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்ல, ஆனா கேட்டதும் ஒரு பயம், எதுக்கோ நேரமாயிருச்சு, திட்டு வாங்கப் போறோம்ங்கிற மாதிரி. ஏன் அப்படின்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது.

மூட்டத்துக்குள்ள ஆளுங்க வந்து நிக்கிறாங்க. நான் அந்த நாலு புள்ளைங்கதான் எறங்கிட்டாளுங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா வரிச நீளமா இருக்கு. மெனேஜரு இன்னும் ஆளு புடிச்சிட்டு வந்துட்டாரு போல, எங்கிட்டச் சொல்லாமன்னு ஒரு கோவம் வந்துச்சு, அந்த நேரத்துலயும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு பாருங்க. திரும்பிப் பாத்தா அந்த நாலு பேரும் எனக்குப் பின்னால வராந்தா ஓரத்துல நின்னு ஃபோன நோண்டிக்கிட்டு இருக்காளுங்க.

கேட்டுல நிக்கிற சுனில் அப்பத்தான் எங்கிட்ட வந்தான். செக்யூரிட்டி வேல, சிங்களப் பையன், எங்க லயத்துக் கத எதுவும் அவனுக்குத் தெரியாது, அதுனாலதான் அவன் சொன்னத நான் முக்கியமா நெனைக்கிறேன். "அக்கே, மே கட்டிய கவ்த?"ன்னு கேட்டான், இந்தக் கூட்டம் யாருன்னு. கேட்டு வழியா யாரும் வரல அக்கா, நான் இங்கதான நிக்கிறேன்னான். அவன் கண்ணுக்கும் தெரிஞ்சுது. எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா நானே மூள கொழம்பிடுச்சுன்னு வுட்டுருப்பேன்.

நான் கிட்டப் போனேன். நனஞ்ச கம்பளி நாத்தம், பொகயில வாட. ஒருத்தர் காலுலயும் செருப்பு இல்ல. எல்லாரும் தலயக் குனிஞ்சு நிக்கிறாங்க, ஆம்பள ஒரு பக்கம் பொம்பள ஒரு பக்கம், கொட்டுற பனியில ஒரு இருமல் சத்தம் கூட இல்ல. எத்தன காலத்துச் சனம்னு எனக்குச் சொல்லத் தெரியல, மேலுக்குச் சட்டயில்லாத ஆளுங்களும் இருந்தாங்க, எங்க அம்மா காலத்துச் சேல கட்டுனவங்களும் இருந்தாங்க. மாமா அடிச்சு முடிச்சாரு. வராந்தாவுல கெஸ்ட்டுங்க கை தட்டுனாங்க. அவங்களுக்கு மூட்டம் மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. மெனேஜரு ஃபோன்ல எடுத்துக்கிட்டே இருந்தாரு.

ரெண்டாவது வரிசக் கடைசியில எங்க அம்மா நின்னுச்சு. சுத்தி இருக்குற அத்தன பொம்பளைங்க முதுகுலயும் கொழுந்துக் கூட தொங்குது, இது முதுகுல மட்டும் ஒண்ணும் இல்ல. கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம வயித்துக்கு முன்னால கோத்துக்கிட்டு நிக்கிது.

எனக்குப் பயம் வரல, சத்தியமா வரல. ஆத்திரம்தான் வந்துச்சு. நான் கத்துனேன். எதுக்கு வந்தீங்க, கூப்பிட்டா வந்துருவீங்களா, செத்தும் ஒங்களுக்குப் புத்தி வரலையா, இது ஹோட்டலு, அங்க பாருங்க கேக்கு தின்னுக்கிட்டு இருக்கானுங்க, ஒங்கள வெச்சு விளையாட்டுக் காட்டுறானுங்க, போங்கன்னு வாய்க்கு வந்தபடி ஏசுனேன். கெஸ்ட்டுங்க அதையும் நடிப்புன்னு நெனச்சு கை தட்டுனாங்க. ஒரு ஆளு அசையல. ஏச்சு வாங்கிப் பழகுன சனம், வசவுக்கெல்லாம் அசையுமா?

அம்மா கிட்டப் போயி நின்னேன். அம்மா, நான் யோகம், பாரும்மான்னேன். அது தல நிமிந்து பாத்துச்சு. எனக்கு இன்னும் நெஞ்சுல நிக்கிறது அந்தப் பார்வைதான். பெத்த மகளப் பாக்குற பார்வ இல்ல அது. கணக்கப்புள்ளயப் பாக்குற பார்வ. எந்த மலைக்குன்னு கேக்குற பார்வ, கூடையில்லாம வந்துட்டேன் வேல குடுப்பீங்களா மாட்டீங்களான்னு பயந்துக்கிட்டு. அந்தக் கூடைய வீசுனவ நான். என்னயப் பெத்தவ எங்கிட்ட பயந்து நிக்கிறா.

மாமா பின்னால நிக்கிறாரு. தலப்பா அவுந்து தோளுல கெடக்கு. "கலச்சு வுடு புள்ள. சொல்லாமப் போக மாட்டாங்க"ன்னாரு. நீங்க சொல்லுங்க மாமான்னேன், நான் தப்புக்காரன், எனக்கு அந்த வார்த்த சொல்ல உரிம இல்லன்னு பின்வாங்குறாரு, அதுலயும் எனக்கு எரிச்சல். அப்புறம் நானே சொன்னேன். கணக்கப்புள்ள மாதிரி கைய இடுப்புல வெச்சுக்கிட்டு, சத்தமா. "இன்னைக்கு வேல இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

திரும்பிட்டாங்க. ஒரு சத்தமும் இல்லாம, வரிச வரிசயா, பள்ளத்துப் பக்கம் மூட்டத்துக்குள்ள. அம்மாதான் கடைசி. என்னயத் தாண்டிப் போகும்போது கைய எடுத்துக் கும்புட்டுச்சு. என்னய. நான் அங்கயே புல்லுல ஒக்காந்து அழுதேன், சுனில்தான் வந்து தண்ணி குடுத்தான்.

இப்ப நீங்க கேப்பீங்க, அதோட முடிஞ்சுதான்னு. முடிஞ்சிருந்தா நான் ஏன் ஒங்ககிட்ட வாயத் தொறக்கப் போறேன்? மாமா அன்னைக்கே தப்ப அட்டல்ல, அதான் பரண்ல, ஏத்திட்டாரு, சாவு வீட்டுக்குக் கூடப் போறதில்ல இப்ப. ஆனா மெனேஜரு ஃபோன்ல எடுத்து வெச்சிருந்தாருல்ல? அத ஸ்பீக்கர்ல போட ஆரம்பிச்சுட்டாரு, தெனம் நாலு மணிக்கு. நான் நேரா போயி நடந்ததச் சொன்னேன். அந்த ஆளு சிரிக்கல, அதுதான் கொடும, அக்கறையா கேட்டாரு. முழுசா கேட்டுட்டு, ரொம்ப நல்லா இருக்கு யோகம், அந்த வெள்ளக்காரப் பொம்பளக் கதைய வுட்டுட்டு இனிமே இதையே கெஸ்ட்டுக்குச் சொல்லுங்கன்னாரு. எங்க அம்மாவ. அந்த மேசையில இருந்த கோப்பையத் தூக்கி மூஞ்சியில அடிச்சிருப்பேன், அடிக்கல.

ஸ்பீக்கர்ல இருந்தத அழிச்சுப் பாத்தேன், மறுநாளே வேற ஃபோன்ல இருந்து போட்டுட்டாங்க. அதுல ஒண்ணும் வராது, மெசினு சத்தம்தானேன்னு மாமா சொன்னாரு, எனக்கு ஆறுதலுக்கு. மூட்டம் இல்லாத நாள்ல ஒண்ணும் தெரியாது, உண்மதான். மூட்டம் கெட்டியா எறங்குற நாள்ல தெரியும். அடின்னா அடிதான் அவங்களுக்கு, மனுசன் அடிச்சா என்ன, மெசினு அடிச்சா என்ன. தெரிஞ்சாலும் தெரியாட்டியும் நான் நாலு மணிக்கு அந்தப் புல்லு ஓரத்துல போயி நின்னு அந்த வார்த்தையச் சொல்லிட்டு வருவேன், வாய்க்குள்ளயே. கெஸ்ட்டுங்க நான் சாமி கும்புடுறேன்னு நெனப்பாங்க.

ஒரே ஒரு நாளு தவறுச்சு. எம் மகள வட்டவளையில கட்டிக் குடுத்திருக்கேன், அவளுக்குப் புள்ள பொறந்துச்சு, பாக்கப் போயிட்டுத் திரும்பும்போது நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம் மண்ணு சரிஞ்சு ரோட்ட அடச்சிருச்சு. பஸ்ஸுக்குள்ள ஒக்காந்திருக்கேன், மணி நாலாகுது. சுனிலுக்கு ஃபோன் போட்டேன், எப்படியாச்சும் அந்த வார்த்தையச் சொல்லச் சொல்லலாம்னு, அவன் லீவுல ஊருக்குப் போயிட்டான். அன்னைக்கு நான் போய்ச் சேரல.

மறுநாள் காலையில போறேன், தோட்டக்காரன் வாயில கை வெச்சு நிக்கிறான். ஹோட்டலச் சுத்தி அழகுக்குத் தேயில வெச்சிருக்காங்க, போட்டோ எடுக்க, யாரும் அதுல கொழுந்து எடுக்குறதில்ல, இடுப்பு ஒயரத்துக்கு முத்திப் போயி நிக்கும். அத்தனையும் எடுத்திருக்கு. ரெண்டு எலையும் மொட்டும், நறுக்குன மாதிரி மட்டமா, ஒரு முத்துன எல தப்பா விழல. எடுத்ததெல்லாம் புல்லு ஓரத்துல, அந்தக் காலத்துல கொழுந்து எட போட்ட எடத்துல, குமிச்சு வெச்சிருக்கு. வேல இல்லன்னு சொல்ல ஆளில்ல, அதுனால வேல செஞ்சுட்டுப் போயிருக்காங்க. ராத்திரி பூரா பேஞ்ச மழயில.

மெனேஜருக்கு சந்தோசமோ சந்தோசம். யாரோ லயத்து ஆளுங்க பிரியமா செஞ்சிருக்காங்கன்னு சொல்லிட்டு, அந்தக் கொழுந்த வறுத்து, கெஸ்ட்டுக்கு ஊத்திக் குடுத்தாரு. நல்லா இருந்துச்சாம்.

வேலைய வுட்டுட்டுப் போயிடேன்னு எம் மகளும் சொல்றா, மருமகனும் சொல்றாரு. போயிட்டா அங்க யாரு சொல்லுவா? எங்க அம்மாவ மறுபடி மலைக்கு அனுப்பச் சொல்றீங்களா? அன்னையில இருந்து நான் லீவு எடுக்குறதில்ல. பேரப்புள்ளைக்குப் பேரு வெச்சதுக்குக் கூடப் போகல. காச்ச அடிச்சாலும் மழ பேஞ்சாலும் நாலு மணிக்கு அந்தத் தப்பு கேட்டதும் என் காலு தானா எந்திரிக்குது, கையில இருக்குறதப் போட்டுட்டு ஓடுறேன், செருப்ப மாட்டக் கூட நிக்கிறதில்ல. ஒரு நாள் சுனில்தான் சொன்னான், அக்கா, அந்தக் கூட்டத்துல உசுரோட வர்றது நீங்க ஒருத்திதான்னு. அவன் வெளையாட்டாச் சொன்னான். எனக்கு வந்த கோவத்துல அவன்கிட்ட ஒரு வாரம் பேசல.

இன்னொண்ணும் இருக்கு, அத யாருகிட்டயும் சொன்னதில்ல. முந்தியெல்லாம் அம்மா வரிசக் கடைசியில நிக்கும்னேன்ல? இப்ப கொஞ்ச நாளா அதுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி வந்து நிக்கிறா, ஒட்டி நிக்காம. நடுவுல ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு எடம் வுட்டு நிக்கிறாங்க ரெண்டு பேரும். மத்தவங்க எல்லாம் தோளு ஒரச நெருங்கி நிக்கிற வரிச அது. யாருக்குன்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். நான் அதுல போயி நிக்க மாட்டேன், நீங்க எழுதிக்குங்க, எம் மகளும் நிக்க மாட்டா. தேத்தண்ணியக் குடிச்சு முடிங்க, நாலாகப் போகுது, நான் கீழ அந்தப் புல்லுக்கு எறங்கணும்.